கேரியரில் ஒரே ஒரு பை

அடுத்தவர் பையை அவிழ்த்து "இது எதுக்கு?" என்று கேட்கிற வேலையில் இதுவரை யாரும் நல்ல பெயர் எடுத்ததில்லை. ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வெல்ஃபேர் பிரிவில் இருந்தேன். எழுபதுகளில் தசரா விடுமுறை வந்தால் எங்கள் மனமகிழ் மன்றத்தார் சைக்கிளில் நாகார்ஜுனசாகர் கிளம்புவார்கள். மூட்டையைக் குறைக்கும் பொறுப்பு என் தலையில். எந்த ஆபீசிலாவது டூருக்கு ஆள் சேர்த்து அவஸ்தைப்பட்டவரா நீங்கள்? அப்படியானால் மேலே சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருடம் என் கவலையெல்லாம் டிராயிங் பிரிவு சுந்தரத்தைப் பற்றித்தான். மனைவி தவறிப்போனதிலிருந்து யாரோடும் பேச்சில்லை. குழந்தையும் கிடையாது. வேலையை விட்டுவிட்டு திருநெல்வேலியில் அண்ணன் வீட்டோடு போய்விடப் போகிறார் என்று கேள்வி. நாலு பேரோடு சேர்ந்து சைக்கிள் மிதித்தால் மனசு மாறும் என்று நம்பி, கெஞ்சிக் கூத்தாடி அவரைப் பெயர் கொடுக்க வைத்தேன்.

ஹோல்டால்

நம்மவர்களுக்கு மூட்டை கட்டுவதில் தெரிந்தது ஒரே முறை, வருடத்துக்கு ஒருதரம் மெட்ராஸ் ரயிலுக்குக் கட்டுகிற முறை. அக்கவுண்ட்ஸ் பார்த்தசாரதி ஹோல்டால், கூஜா, டிபன் கேரியர் சகிதம் வந்து சேர்ந்தார். ஹோல்டாலைக் கேரியரில் ஏற்றியதும் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது.

படுக்கையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஒரே ஒரு பையோட கெளம்பினா, பாக்கறவா நான் துக்கத்துக்குப் போறேன்னுதான் நெனைப்பா, ஓய்!"

ஊறுகாய்

விக்டர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஏன் என்பதற்கு 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று அவர் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும். அவர் பையில் துணி பாதி, மனைவி ஸ்டெல்லா கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாய் பாட்டில் பாதி. பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தேன். அடுத்த பையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அது மறுபடி உள்ளே இருக்கிறது.

முறைத்தேன். "கைக்கு சார் இந்த வம்பு? நக்கோன்னு சொன்னா ஸ்டெல்லா ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா. அதுக்கு பாட்டிலைச் சுமக்கறதே ஈஸி!"

சுந்தரத்தின் பை

கடைசியாக வந்தார் சுந்தரம். ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை. வேட்டி, சட்டை, துண்டு, சோப்பு டப்பா. வெளியே எடுத்துப் போட ஒன்றுமே இல்லை. எல்லோரிடமும் பிடுங்கிக்கொண்டிருந்த எனக்கு இவரிடம் எதையாவது திணிக்க வேண்டும் போலிருந்தது. போர்வையாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

பையை வாங்கி மறுபடி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டார். "கட்டிக் கொடுக்க ஆள் இல்லன்னா, பை தன்னால குறைஞ்சிரும் சார்."

பள்ளிக்கூட வராந்தா

மழை பிடித்துக்கொண்டதால் வழியில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஒதுங்கினோம். எங்கோ வாங்கிய சோறு, குழம்பில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. விக்டர் பாட்டிலைத் திறந்தார். சுந்தரம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். தன் மனைவி இதில் வெந்தயம் கூடப் போடுவாள் என்றார். பல மாதம் கழித்து அவர் தானாகப் பேசியது அதுதான். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

விக்டர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ஹவ் சார், இப்ப சொல்லுங்க, பாட்டில் எதுக்கு?"

மெட்ராஸ் வண்டி

பொங்கலுக்கு முன்பே சுந்தரம் ராஜினாமா கொடுத்துவிட்டார். செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். டிரங்குப் பெட்டி, ஹோல்டால், கூஜா எதுவும் இல்லை. வீட்டுச் சாமானையெல்லாம் குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டாராம். மடியில் அதே துணிப்பை. பார்த்தசாரதி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். விக்டர் ஜன்னல் வழியாக ஒரு ஊறுகாய் பாட்டிலை நீட்ட, மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. அந்த அம்மாள் ஞாபகமாக ஒரு பாத்திரமாவது எடுத்துக்கொண்டிருக்கலாமே என்றேன். வண்டி நகரும்போது சிரித்தார். "குறைங்க குறைங்கன்னு உசிரை எடுத்தது நீங்கதானே சார்?"

அதற்குப் பிறகும் பல வருடம் பை சோதித்தேன். கனமான பையைக் கண்டால் வழக்கம்போலத் திட்டுவேன், லேசான பையைக் கண்டால் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பேன்.