மெயின்லேண்ட் சூரியன்

தீவின் சௌல்தாரி கிராமத்து ஒச்சம்மா கோபத்தில் கத்தினால், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் நிற்கும் கப்பல் தன் ஹாரன்தான் ஊதிவிட்டது என்று நினைத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடும். நம்பாதவர்கள் போகட்டும். அந்த டிசம்பர் சாயங்காலம் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் தேர்வு நடந்த பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தவர்கள் நம்புவார்கள்.

அவள் தோட்டத்து வெண்டையையும் பாகலையும் பஸ்ஸில் ஏற்றிவந்து விற்கிறவள். மகள் சங்கவிக்குப் பதினேழு வயது. கடல் தாண்டி மெயின்லேண்ட் கல்லூரியில் இடம் வாங்கித் தரும் தேர்வு அன்றைக்கு. இரண்டு வருஷமாக அந்தப் பெண் சிரித்து யாரும் பார்க்கவில்லை. கல்யாணம், திருவிழா, கடற்கரை எல்லாம் 'பரீட்சை முடியட்டும்' என்ற ஒரே ஆணியில் தொங்கின.

தேர்வு இரண்டரை முதல் ஐந்தரை வரை. நேரம் வைத்த புண்ணியவான்களுக்கு ஒன்று தெரியவில்லை. கடிகாரம் நாடு முழுக்க ஒன்றுதான். தீவில் மட்டும் மார்கழிச் சூரியன் ஐந்து மணிக்கே கடலில் விழுந்துவிடும். விழுந்தது. அதே நேரம் பார்த்துக் கரண்டும் போனது.

ஒச்சம்மா கேட் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"அய்யா! பிள்ளைக இருட்டுல உக்காந்திருக்குக. ஜெனரேட்டரப் போடுங்க. இல்ல, நேரத்தக் கூட்டிக் குடுங்க!"

சென்னையிலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர் சுதாகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஜெனரேட்டர் ரிப்பேர். நேரம் கூட்ட ரூல் இல்லம்மா. சென்னையில இந்நேரம் நல்ல வெளிச்சம்."

"அப்ப அந்தச் சூரியனப் பார்சல் கட்டிக் கப்பல்ல அனுப்பச் சொல்லுங்க!"

மணி அடித்தார்கள். சங்கவி வந்தாள். "கடைசிப் பக்கம் கண்ணுக்கே தெரியலம்மா" என்றாள். அழவில்லை. அதுதான் ஒச்சம்மாவைக் கொளுத்தியது. விடைத்தாள் பெட்டியோடு சுதாகர் ஏறிய ஜீப்பின் முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரிங்கம்மா. கேஸ் போடுவேன்."

"போடுங்க. இதே இருட்டுல எழுதுங்க, பாப்போம்."

சங்கவி ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிம்மா! எல்லார் பேப்பரையும் கேன்சல் பண்ணிருவாங்க."

ஊரையே அதட்டுகிற ஒச்சம்மா மகள் இழுத்த இழுப்புக்கு எழுந்தாள். மகள் கண்ணில் இருந்த பயம் இவள் பெற்ற பயமில்லை, பரீட்சை பெற்றது.

டிரைவர் நந்தகுமார், பக்கத்து வீட்டுப் பையன், ஜீப் விளக்கைப் போட்டான்.

"அடேய்! எதுக்குடா லைட்டு? உங்க சாப் ஊர்ல இன்னும் பகலுடா!"

நந்தகுமார் அவளைப் பார்த்தான். விளக்கை அணைத்தான், வண்டியையும் அணைத்தான். "அத்தை சொல்றது டீக்தான், சரிதான் சாப். பகல்னா லைட் வேணாம். ஆனா லைட் இல்லாம இந்த இறக்கத்துல போனா ஓடையில விழுவோம்."

"அப்ப எப்ப கிளம்புவ?"

"விடிஞ்சதும் சாப்."

தீவுக் கொசுக்கள் விதி படிக்காதவை. ஒவ்வொன்றும் கோழிக்குஞ்சு பருமன். கொஞ்ச நேரத்தில் சுதாகர் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, 'வெளிச்சம் போதவில்லை, மறுதேர்வு தேவை' என்று எழுதி எல்லோர் முன்னாலும் கையெழுத்திட்டார்.

மறுதேர்வு ஜனவரியில் வந்தது. நேரம்: இரண்டரை முதல் ஐந்தரை.

அன்றைக்கு ஒச்சம்மா காய்கறி ஏற்றவில்லை. சௌல்தாரியில் இருந்த எமர்ஜென்சி விளக்குகள் அத்தனையையும் கூடைகளில் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினாள். "லக்கேஜ்..." என்று கண்டக்டர் வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.