இன்னிக்கு என் முறை

முனியப்பண்ணன் போய்விட்டார் என்று பியூன் வந்து சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியதை எழுதவே கூச்சமாக இருக்கிறது: 'இனி ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகளை யார் மேய்ப்பது?' அழுகை அப்புறம்தான் வந்தது. அதிலும் பாதி அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக.

ஓசூர் தாலுகா கச்சேரியில் எங்களுக்கு அடுத்தடுத்த மேஜை. அவருக்குக் குழந்தை இல்லை. எனக்கு மல்லி, ரவி என்று இரண்டு. குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும், "அண்ணன் வந்தாத்தான் களைகட்டும்" என்று அவரையும் இழுத்துக்கொள்வேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது சம்பளம் கேட்காத ஆயா. கச்சேரி நண்பர்களே, முகத்தைத் திருப்பாதீர்கள். நீங்களும் உங்கள் பிள்ளைகளை அவர் தலையில் கட்டியவர்கள்தான்.

ஒருமுறை மலைக்கோயிலுக்குப் போனோம். பாதிப் படியில் ரவி மல்லாந்து படுத்துவிட்டான். என் மனைவி முறுக்கு கொடுத்தாள், நான் அடி கொடுத்தேன். இரண்டுக்கும் சேர்த்து அலறினான். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் வரல. எல்லாரும் போங்க."

அலறல் நின்றது. "ஏன் பெரியப்பா?"

"கோவம்டா."

"யார் மேல?"

"இந்தப் படி மேல. எத்தன கட்டி வெச்சிருக்கானுங்க பாரு!"

ரவி தன் முறுக்கையே அவருக்கு லஞ்சமாக நீட்டினான். மல்லி தாடையைப் பிடித்துக் கெஞ்சினாள். நெடுநேரம் கழித்து எழுந்த அண்ணன் என்னிடம் சொன்னார்: "ஒரு கூட்டத்துல ஒருத்தருதாம்ப்பா கோவிச்சுக்கணும். இன்னிக்கு என் முறை."

அதன்பிறகு எந்தப் பயணத்திலும் அது அவர் முறையாகவே இருந்தது.

கடைசியாகப் போனது கிருஷ்ணகிரியில் புதிதாகக் கட்டிய அணைக்கு. பஸ்ஸில் ஜன்னலுக்குச் சண்டை. இறங்கியதும் மல்லிக்கு மாம்பழம் வேண்டும்; வாங்கினால், நறுக்கினது வேண்டாம், முழுசாக வேண்டும். அணைக் கரைக்கு ஏறும் படியில் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன. அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் வழக்கம்போல ஓடிவந்து கெஞ்சின. இம்முறை அவர் வாயே திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, பசங்க சமாதானமாயிட்டாங்க. நாடகம் போதும், எந்திரிங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்தார். ரவியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே நடந்தார். "மூஞ்சிய எப்படி வெச்சிக்கிட்டாரு பாத்தீங்களா, நெசம் மாதிரியே!" என்று என் மனைவி வியந்தாள். நானும் வியந்தேன். அந்த மாதமே போய்ச் சேர்ந்தார்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த வித்தை ஒன்றுதான். போன வாரம் சந்தைக்குப் போகும் வழியில் பிள்ளைகள் முறைத்துக்கொண்டபோது நானும் நடுத்தெருவில் உட்கார்ந்து பார்த்தேன். "உனக்கு வராதுப்பா, எந்திரி" என்று மல்லி சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

இதைச் சொல்லி அண்ணியைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி சிரிக்கவில்லை.

"வித்தை என்னப்பா வித்தை. நாலு படி ஏறுனா அவருக்கு மூச்சு அடைச்சுக்கும். ரெண்டு வருசமா அப்படித்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"சொன்னா நீ கூப்பிட மாட்டியாம்."