பாதாம் சீமாட்டியின் ஞாயிற்றுக்கிழமைகள்

வஜ்திக்குப் பயம் புதிதல்ல. லெபனானின் திரிப்போலியில் அப்பாவின் கறிக்கடைக்குப் போய்வந்த வயதிலேயே தன் நடையைத் தானே கவனித்து நடக்கப் பழகியவன். கை கொஞ்சம் கூடுதலாக ஆடினாலும் யாராவது பார்த்துவிடுவார்கள். பெய்ரூட்டுக்கு வந்து, அக்கா ஹனாதியின் வீட்டுச் சின்ன அறையில் தங்கி, ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் மட்டும் விடும்.

மார் மிக்காயில் பக்கம் ஜுமானா என்றொருத்தி நடத்திய மதுக்கடையின் மாடியில் அன்றைக்கு டிராக் ஆட்டம். ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடுவார்கள். விக்கும் ஒட்டு இமையும் பச்சை கவுனுமாக வஜ்தி மேடையேறினால் அவன் வஜ்தி இல்லை, சித் லௌஸ், அதாவது பாதாம் சீமாட்டி. பழைய பாட்டுக்கெல்லாம் வாயசைத்து ஆடுவாள். நடுநடுவே கூட்டத்தை வம்புக்கு இழுப்பாள். அவளுக்கு யாரைக் கண்டும் பயமில்லை.

நஸ்ரி வந்தது ஒரு குளிர்காலத்தில். வீடுகளுக்கு ஆம்பியர் கணக்கில் கரண்டு விற்கும் தெரு ஜெனரேட்டர்காரரிடம் வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன் அவன். வீட்டில் பிரேக்கர் அடிக்கடி விழுந்து கரண்டு போகிறது என்று ஹனாதி கூப்பிட்டனுப்பியிருந்தாள். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டான்.

"அஞ்சு ஆம்பியர் வாங்கிட்டு ஹீட்டரையும் அயன் பாக்ஸையும் ஒண்ணாப் போட்டா விழாம என்ன செய்யும்?"

"விழட்டும் விடுங்க," என்றான் வஜ்தி. "இருட்டுலதான் நான் அழகு. அது தெரிஞ்சுதானே கவர்மெண்டே நாள் பூரா அணைச்சு வைக்குது."

சீமாட்டியின் நக்கல் அது. மேடையில் வரவேண்டியது, வீட்டில் வாய் தவறி வந்துவிட்டது. வஜ்தி வெலவெலத்துப் போனான். ஆனால் நஸ்ரி சிரித்த சிரிப்பில் ஸ்க்ரூடிரைவர் கைநழுவிக் கீழே விழுந்தது. மறுநாள், எந்தப் பழுதும் இல்லாத ஸ்விட்சைச் சரிபார்க்க அவனாகவே வந்தான். பிறகு காப்பி, கடற்கரையோர நடை, காரில் நெடுநேரப் பேச்சு என்று வளர்ந்தது. வஜ்தி அதற்கு முன் யாரையும் காதலித்ததில்லை. போன் ஒலித்தாலும் பதறுவான், ஒலிக்காவிட்டாலும் பதறுவான்.

ஒருநாள் காரில் உட்கார்ந்திருந்தபோது நஸ்ரியின் போனில் ஏதோ டிராக் வீடியோ ஓடியது. நஸ்ரி முகத்தைச் சுளித்தான்.

"இவனுங்க பாட்டுக்கு ஆடிட்டுப் போயிருவானுங்க. அப்புறம் அடி வாங்கறது நம்மள மாதிரி சத்தமில்லாம இருக்கறவன்தான்."

வஜ்தி மேடையைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு என்பது திருட்டு வேலை ஆகிவிட்டது. மருந்துக்கடையில் ஞாயிறு டியூட்டி என்று புளுகினான். புருவத்தில் பசை ஒட்டியிருக்கிறதா, நக இடுக்கில் ஜிகினா மினுங்குகிறதா என்று மறுபடி மறுபடி கண்ணாடி பார்த்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாவம் வேலையிலேயே கிடக்கிறானே என்று நஸ்ரி சுடச்சுட மனாகிஷ் ரொட்டி வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்விட்டான். கடை பூட்டியிருந்தது. மறுநாள் கடற்கரையில் வஜ்தியைப் பிடித்துக்கொண்டான்.

"யாருடா அவன்?"

"அவன் இல்ல. அவ."

"பொண்ணா?" என்றான் நஸ்ரி.

"நான்தான்," என்று சொல்லி வஜ்தி போனிலிருந்த படத்தைக் காட்டினான். ஜுமானாவின் கடை மேடையில், பச்சை கவுனில் பாதாம் சீமாட்டி.

நஸ்ரி கத்துவான் என்று நினைத்தான். கத்தவில்லை. முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என் தம்பி பட்டாளத்துல இருக்கான், தெரியுமில்ல? உன்ன எவனாவது அடையாளம் கண்டுட்டா, பக்கத்துல நிக்கற என்னையும் கண்டுருவான். எனக்காக விட்டுடு, ஹபீபி."

வஜ்தி சரியென்றான். ஜுமானாவிடமும் போய்ச் சொன்னான்.

"காதலா, ஜுரமா?" என்றாள் அவள்.

"ரெண்டும்தான்க்கா."

"கவுன் இங்கயே இருக்கட்டும். எலி கடிச்சா என்னைக் கேக்காத."

அடுத்த மாதம் நஸ்ரி அவனை பத்ரூனுக்கு, அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனான். நண்பன் என்று சொல்லித்தான். அம்மா கிப்பே என்ற கறி உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தாள். வஜ்தி குரலைக் கனமாக்கி, கைகளைத் தொடையிடுக்கில் ஒடுக்கிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். திரும்பும் வழியில் நஸ்ரி பொறுக்கமாட்டாமல் கேட்டான்.

"அந்தப் பையனுக்கு உடம்பு சரியில்லையான்னு அம்மா கேக்கறா. என்னடா ஆச்சு உனக்கு? முன்னெல்லாம் எப்படிச் சிரிக்க வைப்ப!"

"அது அவ, நஸ்ரி. ஏணி மேல நின்ன உன்னச் சிரிக்க வெச்சதும் அவதான். அவளப் போகச் சொல்லிட்டு இப்ப என்கிட்ட வந்து தேடற."

நஸ்ரி காரை வேகமாக ஓட்டினான். தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனவன் போனும் செய்யவில்லை. வஜ்தி அழுது தீர்த்துவிட்டு, வந்த ஞாயிற்றுக்கிழமையே ஜுமானாவின் மாடிப்படி ஏறினான்.

அந்த வாரம் பார்த்து, இதே மாதிரி ஆட்டம் நடந்த வேறொரு மதுக்கடைக்குள் சிலர் புகுந்து நாற்காலிகளை உடைத்ததாகப் பேச்சு. "பயமா இருக்கறவங்க வீட்டுக்குப் போயிடுங்க, நான் தப்பா நினைக்கமாட்டேன்," என்றாள் ஜுமானா. யாரும் போகவில்லை. வஜ்திக்குத்தான் ஒட்டு இமை ஒட்டவே மாட்டேனென்றது.

பாதிப் பாட்டில் கதவு படாரென்று திறந்தது. ஹெல்மெட் போட்ட ஒருவன். சீமாட்டியின் வாயசைவு நின்றுபோக, பாட்டு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் மூச்சுவிடாமல் திரும்பிப் பார்த்தது. வந்தவன் முகத்தை மறைத்திருந்த ஹெல்மெட்டைக் கழற்றினான். நஸ்ரி.

அவன் சிரிக்கவில்லை. மேடையைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஒரு நாற்காலியைக் கதவருகே இழுத்துப்போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

சீமாட்டிக்கு உயிர் வந்தது. "யாருய்யா அது, எனக்கே முதுகக் காட்டறது? என் முன்பக்கம் அவ்வளவு மோசமாவா இருக்கு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நஸ்ரியின் முதுகும் குலுங்கியது. சிரிப்பாலா, பயத்தாலா என்று மேடையிலிருந்து தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. பயம் இருவரையும் விட்டபாடில்லை. படியில் கனத்த காலடி கேட்டால் இன்றும் இரண்டு பேருக்கும் உடம்பு விறைத்துக்கொள்கிறது. பத்ரூனில் அம்மா நஸ்ரிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஹனாதிக்கு ஒன்றும் தெரியாது, அல்லது தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாள். நஸ்ரி மட்டும் ஆட்டத்தை இதுவரை முழுதாகப் பார்த்ததில்லை.

"ஒரு பாட்டுக்காவது இந்தப் பக்கம் திரும்பேன்டா," என்று வஜ்தி கெஞ்சியதுண்டு.

"நான் திரும்பிட்டா வாசல யாரு பாக்கறது?" என்பான் நஸ்ரி.