காலி டப்பாவும் அம்மோனியமும்

கெமிஸ்ட்ரி வைவாவில் ஒருமுறை கோட்டை விட்டவள் நான். அம்மோனியம் அயனியை வரையச் சொன்னார்கள். நடுவில் நைட்ரஜன், சுற்றி நாலு ஹைட்ரஜன். "இதுல ஈதல் சகப்பிணைப்பு எதும்மா?" என்று கேட்டார் வெளியூர் தேர்வாளர். ரெண்டு எலக்ட்ரானையும் ஒரே அணு கொடுத்து உண்டாகும் பிணைப்பு அது. புத்தகத்தில் அம்புக்குறி போட்டிருந்த பிணைப்பை என் படத்தில் விரலால் தொட்டுக் காட்டினேன். என்ன ஒரு தைரியம் எனக்கு! அவர் சிரித்ததில் பதறி, மிச்சக் கேள்விகளுக்கும் உளறிவைத்தேன். அரியர். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி லேபில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அரியர் முடித்துவிட்டு வந்தால்தான். வீட்டில் அந்த வேலையைத்தான் மலைபோல் நம்பியிருந்தோம்.

முதுநகரிலிருந்து காலை ரயிலில் சிதம்பரம் போவேன். அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டில் உலைகூட வைத்திருக்க மாட்டார்கள். வெறுங்கையோடு போய் உட்கார வெட்கமாக இருக்கும் என்று காலி டப்பாவைப் பையில் போட்டுக்கொள்வேன். வீம்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை. குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் வரும் என் தோழிதான் இரண்டு பேர் சோற்றையும் சுமந்து வருவாள். பாதியை என் டப்பாவில் கொட்டி, இரண்டையும் நடுவில் வைத்துச் சாப்பிடுவோம்.

மறு வைவாவுக்கு முந்தின வாரம், வகுப்புத் தோழி ஒருத்தி என் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க வீட்டு புளிசோறு சூப்பர்டி" என்றாள். என் தோழிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவள் தலையைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாலாவதாகச் சேரும் ஹைட்ரஜன் அயனி எலக்ட்ரானே இல்லாமல் வருகிறது, என்னைப் போலக் காலி டப்பாவோடு. ரெண்டு எலக்ட்ரானும் நைட்ரஜன் போட்டது. சேர்ந்த பிறகு எது யாருடையது என்று எவர் கண்டுபிடிப்பது?

இந்த முறை வந்தவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். விரலை மடக்கிக்கொண்டேன்.

"காட்ட முடியாது சார். குடுக்கும்போதுதான் ஒருத்தர் குடுத்தது. சேந்துட்டா நாலு பிணைப்பும் ஒண்ணுதான்."

"அப்புறம் எதுக்கு அம்புக்குறி?"

"எப்படி வந்துச்சுன்னு நாம ஞாபகம் வச்சுக்கத்தான் சார்."

"போம்மா, தேறிட்ட" என்றார்.

வெளியே காத்திருந்தவளிடம் சொன்னேன். அவள் உடனே வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "யம்மா, வைவா பாஸாம்."

அவள் தேறியது போன வருஷமே. பாஸானது யார் என்று அவள் அம்மா கேட்கவில்லை.

"நம்ம பொண்ணு சாப்டுச்சாடி?" என்றார்கள்.