பப்பாளிக் காம்பு

ஏலம் கூவிப் பிழைக்கிற எனக்குச் சளியில் குரலே போய்விட்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் தொண்டையில் புது ஸ்பிரே ஒன்றை அடித்தார். "சோதனைங்க. மருந்தாவும் இருக்கலாம், வெறும் தண்ணியாவும் இருக்கலாம். எனக்கே தெரியாது."

சில்லென்று இறங்கியதும் அப்பா நினைவுக்கு வந்தார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கூவி ஆள் ஏற்றுவது அவர் வேலை. தொண்டை கட்டினால் வீட்டில் உலை ஏறாது. அம்மா பப்பாளிக் காம்பு வழியாக மிளகுப்பொடியை அவர் தொண்டைக்குள் ஊதுவாள். ஒருநாள் மிளகு தீர்ந்திருந்தது.

"ஜல்தி ஊது, பஸ்ஸெல்லாம் போய்க்கினு இருக்குது" என்று கண்ணை மூடி வாயைத் திறந்தார். சொல்ல மனம் வராமல் வெறும் காற்றை ஊதினாள்.

"தேவலாம், வர்றேன்" என்றார். அதுவும் காற்றாகத்தான் வந்தது.

"இப்ப எப்படிங்க இருக்குது?" என்றார் நர்ஸ்.

"தேவலாம்" என்றேன்.

"என்னங்க?" என்று அவர் காதை என் வாயருகே கொண்டுவந்தார்.