கூஜா விழுந்தால் மூன்று

இந்தக் கதை முடிந்த அன்று அறையில் இருந்தவர்கள் ஐவர்: மேலாளர் சுந்தர், கொள்முதலையும் ஆட்கள் விவகாரத்தையும் ஒருங்கே கவனித்துவந்த பிஜு, சீன டைல்ஸ் வியாபாரி லின், ஃபோர்மேன் காளிமுத்து, குறிப்பேட்டுடன் நான். அலுவலகச் செயலாளரின் வேலை பிறர் எடுக்கும் முடிவுகளைப் பிழையின்றி எழுதிவைப்பது. அந்த முடிவுகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பது அதில் சேராது. இதைப் படிப்பவர்களில் குறிப்பெடுத்தே காலம் கழித்தவர்கள் சிலரேனும் இருப்பீர்கள். உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

திருச்சியில் முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்று, வளைகுடா நாட்டில், கராமா பகுதியில் மகன் குடும்பத்தோடு குடியேறியிருந்த என்னைத் தம் கட்டுமான நிறுவனத்துக்கு அழைத்தவர் சுந்தர். என் பழைய மாணவர். நிகழ்தகவுப் பாடத்தை என்னிடம் படித்து நூற்றுக்கு நூறு வாங்கியவர். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பயிற்சி முடித்து வந்தவர்

ஒரு ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் மேலாண்மைப் பயிற்சிக்குச் சென்றுவந்த சுந்தர், மூன்றாம் நாள் காலை மேசைமேல் மூன்று ஒரு திர்ஹம் காசுகளை வைத்தார். போருக்குப் போவதா, பெண் கொடுப்பதா என்பதைப் பண்டைச் சீனர்கள் இப்படித்தான் அறிந்தார்களாம். மூன்று காசுகளையும் ஆறு முறை போட வேண்டும். காப்பிக் கூஜா பொறித்த பக்கம் விழுந்தால் மூன்று. எழுத்துப் பக்கம் விழுந்தால் இரண்டு. கூட்டுத்தொகை ஒற்றைப்படையானால் முழுக்கோடு. இரட்டைப்படையானால் நடுவில் முறிந்த கோடு. ஆறு கோடுகள் அடுக்கினால் ஒரு குறி. மொத்தம் அறுபத்து நான்கு குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன்.

பலன்களை நகலெடுத்த தாள்கள் என்னிடம் தரப்பட்டன. கோடுகளை வரைந்து பலனை வாசிப்பது என் பொறுப்பு. செய்முறையை விளக்கும் முதல் தாள் அந்தக் கட்டில் இல்லை. கேட்டிருக்கலாம். ஆறு கோடுகள் வரைவதற்கு ஒருவரிடம் விளக்கம் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் கேட்டேன். "சுந்தர், இது பூவா தலையா போடுவது. இதற்கா மேலாண்மை என்று பெயர்?" என் மாணவர் முகம் மாறாமல் பதில் சொன்னார்: "மிஸ், காசுக்கு ஞாபகசக்தி கிடையாதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? ஞாபகம் இல்லாததுதான் பாரபட்சம் பார்க்காது."

குளியலறைக்கு வந்த மோதல்

லின் கொண்டுவந்த குளியலறை டைல்ஸ் மாதிரிகள் நன்றாக இருந்தன. பிஜு அவற்றைத் தட்டிப் பார்த்தார், தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், காலணியைக் கழற்றிவிட்டு மேலே நின்றும் பார்த்தார். பிறகு சுந்தர் காசு போட்டார். நான் வரைந்த குறிக்குப் பலன் "மோதல்". லின்னுக்கு ஆர்டர் இல்லை என்று முடிவாயிற்று.

வேறொருவரிடம் வாங்கிய டைல்ஸ் இரண்டு நிறத்தில் வந்திறங்கியது. பிஜு அதை வெயிலில் பரப்பிவைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "டீச்சரே, பத்து வருஷமா நான் வெறுங்காலோட டைல்ஸ் மேல ஏறி நின்னது வேஸ்ட் அல்லே? கூஜாகிட்ட கேட்டிருந்தா கால் ஜலதோஷமாவது மிச்சம்."

காற்று அடித்த காலை

காளிமுத்து அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். சோனாப்பூர் தொழிலாளர் முகாமில் தங்கியிருந்த எங்கள் ஆட்கள் இருபத்திரண்டு பேருக்குப் பொறுப்பாளர். பதினோரு ஆண்டுகளில் அவர் சாரத்திலிருந்து ஒருவர்கூட விழுந்ததில்லை. ஒருநாள் காலை சைட்டிலிருந்து நேரே வந்து, காற்று சரியில்லை, இன்று சாரத்தில் யாரையும் ஏற்ற வேண்டாம் என்றார். சுந்தர் காசுகளை எடுத்தார். நான் கோடுகளை வரைந்தேன். பலன் "முன்னேற்றம்". வேலை நடக்கட்டும் என்று உத்தரவாயிற்று.

 நான் அதையும் எழுதினேன். காளிமுத்து சைட்டுக்குத் திரும்பியதும் உத்தரவை மீறி அனைவரையும் கீழே இறக்கிவிட்டார். பதினோரு மணிக்கெல்லாம் எதிர்க் கட்டடம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புழுதிப்புயல் எழுந்து, சாரத்தின் ஒரு பக்கம் சரிந்தது. அதில் எவரும் இல்லை. மாலையில் சுந்தர் அவரை அழைத்து, சொன்னதை ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தார். நன்றி என்ற சொல் அங்கே எழவேயில்லை. காளிமுத்து தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "கூஜா மேல ஏறாதுல்ல சார். நாங்கதானே ஏறணும்."

கீழிருந்து மேலே

அதன்பின் கிரேன்கள் அசையாமல் நிற்கும் காலம் வந்தது. பண நெருக்கடியில் ஊரெங்கும் வேலைகள் பாதியில் நின்றன. எங்களுக்கு அபுதாபியில் ஒரு சைட் மட்டும் மிஞ்சியது. இருந்த இரண்டு ஃபோர்மேன்களில் ஒருவர் போதும். காளிமுத்துவின் விசாவைப் புதுப்பிப்பதா, ரத்து செய்வதா? ரத்தானால் முப்பது நாளில் ஊர். அந்தச் சமயத்தில் வேறு எவரும் ஆள் எடுக்கவில்லை. அவருடைய இரண்டு பெண்களும் கல்லூரியில் இருந்தார்கள். சுந்தர் இதற்கும் காசு போட்டார். முதல் மூன்றும் முழுக்கோடுகள், அடுத்த மூன்றும் முறிந்தவை. நான் வரைந்து, தாளைப் பார்த்து வாசித்தேன்: "தேக்கம்."

மறுநாள் காளிமுத்து தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி கையெழுத்திட வந்தார். பிஜு ரத்துத் தாள்களை அவர் முன்னால் வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு வருசம் கெடச்சாப் பெரியவ படிப்பு முடிஞ்சிரும் சார்" என்றார் காளிமுத்து. "அது கெடக்கட்டும். நான் என்ன தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்."

சுந்தர் மேசைமேல் இருந்த காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அந்த நேரத்தில்தான் புதிய மாதிரிகளுடன் லின் உள்ளே வந்தார். பெட்டியை இறக்கிவைத்தவர், திறந்திருந்த என் குறிப்பேட்டைக் கண்டு முகம் மலர்ந்தார். அவருடைய பாட்டி, சந்தைக்குக் குடை எடுத்துப் போவதா என்று கேட்க இதே காசைத்தான் போடுவாராம். சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். சந்தையில் கற்ற இந்தியில், "மேடம், இது உல்டா" என்றார்.

"எது உல்டா?"

அவர் என் பேனாவை வாங்கி, முதலில் விழுந்த கோட்டை அடியில் போட்டார், அடுத்ததை அதன் மேல், அப்படியே ஆறும். "கீழே இருந்து மேலே, மேடம். நீங்க கட்டடம் கட்டுற கம்பெனிதானே? மொட்டை மாடியையா முதல்ல கட்டுவீங்க?"

முப்பத்தொரு ஆண்டுகள் கரும்பலகையில் மேலிருந்து கீழாக எழுதிய கை என்னுடையது. ஆறு மாதங்களாக அத்தனை குறிகளையும் தலைகீழாக வரைந்திருக்கிறேன். அறுபத்து நான்கில் எட்டு மட்டுமே எப்படித் திருப்பினாலும் மாறாதவை. மற்ற ஐம்பத்தாறும் வேறொன்றாகிவிடும். பிஜு என் கையிலிருந்த பலன் தாள்களைப் பிடுங்கிப் புரட்டினார். லின்னுக்கு விழுந்தது "மோதல்" அல்ல, "காத்திருத்தல்". புழுதிப்புயல் அன்று விழுந்தது "முன்னேற்றம்" அல்ல, "ஒளி மங்கல்". "என்டம்மே!" என்று தலையில் கைவைத்தார் பிஜு. எனக்கும் ஒரு கணம் உடல் சிலிர்த்தது. காசை நம்பிவிட்ட அந்தக் கணத்துக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

காளிமுத்துவுக்குரிய குறியை நானே தேடி வாசித்தேன். அறுபத்து நான்கில் மிக நல்லவற்றுள் ஒன்று அது: "அமைதி."

காளிமுத்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "டீச்சரம்மா, நெசமாவா? என்னைய அனுப்புறதுக்கா காசு போட்டீங்க?"

"ஆம். போட்டவர் அவர். தலைகீழாக எழுதியவள் நான்" என்றேன். அவரிடம் பொய் சொல்வதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இருக்கவில்லை.

லின் கையிலிருந்த டைல்ஸை ஓசைப்படாமல் பெட்டிக்குள் வைத்தார். "ஒரு ஆளை ஊருக்கு அனுப்பவா காசு போட்டீங்க?" என்று கேட்டார். "பாட்டி குடைக்குத்தான் போடுவாங்க."

சுந்தரின் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி. "காளி, உனக்கு நல்லதாத்தான்யா விழுந்திருக்கு! கேன்சல் எல்லாம் கலாஸ், முடிஞ்சுது, நீ அபுதாபி போறே" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக மூன்று காசுகளையும் உள்ளங்கையில் சேர்த்துக் குலுக்கினார். "எதுக்கும் இன்னொரு தடவை போட்டுக் கன்ஃபர்ம் பண்ணிருவோம். மிஸ், இந்தத் தடவை கீழே இருந்து எழுதுங்க."

நான் குறிப்பேட்டை மூடினேன். "சுந்தர், காசைக் கீழே வையுங்கள். பதினோரு வருடம் உங்கள் கண்முன்னால் நின்ற மனிதரைப் பற்றி உங்களுக்கே ஒரு அபிப்பிராயம் இல்லையா?" வகுப்பில் பேசிய குரல் அது. அவர் காசுகளை மேசைமேல் வைத்தார்; அவற்றைப் பார்த்தாரே தவிர, காளிமுத்துவைப் பார்க்கவில்லை.

அந்த அறையில் ஆறு மாதங்களாக எடுக்கப்பட்ட முடிவுகளில் காசு போடாமல் எடுக்கப்பட்டது ஒன்றே ஒன்று: காளிமுத்து ரத்துத் தாளில் கையெழுத்திட்டு, பேனாவை என்னிடம் நீட்டி, தலைக்கவசத்தை அந்த மூன்று காசுகளின்மேல் கவிழ்த்துவைத்துவிட்டு, வெளியே நடந்தார்.