சோதனைச் சாவடி வழியே ஒரு காஸ் சிலிண்டர்

கடலே இல்லாத கண்டியில் வீடு வீடாகப் போய்க் கண்ணாடித் தொட்டிக்குள் கடல் வைத்துக்கொடுப்பது என் தொழில். சண்டைக் காலத்தில் ஒரு டோர்ச் பேட்டரியைக் கொண்டுபோய் நீங்களும் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டிருப்பீர்கள். நான் கொண்டுபோனது என்னவென்று கேளுங்கள்.

அம்பிட்டிய இஞ்சினியர்

கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் குடியிருந்த யாழ்ப்பாணத்து இஞ்சினியர் ஒருவர் தொட்டி நிறைய உயிருள்ள பவளம் வளர்த்தார். பவளம் வளரச் சுண்ணாம்பு வேண்டும். ஒரு குழாயில் பவளக் கல்லை நிரப்பி, சோடாவுக்கு ஏற்றும் காபனீரொட்சைட் காஸை ஒவ்வொரு குமிழாக உள்ளே விட்டால் கல் கரைந்து தொட்டிக்குச் சுண்ணாம்பு கிடைக்கும். அதற்கு ஒரு சிலிண்டர், அழுத்தம் காட்டும் இரண்டு முள் வைத்த ரெகுலேட்டர், கரண்டில் திறந்து மூடும் வால்வு எல்லாம் வேண்டும். கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும், காஸ் நிற்காது. அதை அடைப்பதற்குத்தான் அந்த வால்வு.

சிலிண்டர், முள், வயர். ஒரு தமிழன் பையில் இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்? "ஐயா, இந்தப் பவளத்தை விட்டுவிட்டுத் தங்கமீன் வளருங்களேன்" என்றேன். அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"ஆமிக்காரர் எங்கட கடற்கரையை வேலி போட்டு அடைச்சிட்டாங்கள் தம்பி. எனக்கு மிஞ்சின கடல் இவ்வளவுதான், இதைச் சாக விடமாட்டன்!"

சிவப்புச் சிலிண்டர்

நான் புத்திசாலித்தனம் செய்வதாக நினைத்துக்கொண்டு, தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டர் ஒன்றை வாங்கினேன். அதற்குள்ளும் அதே காஸ்தான். எல்லா ஒஃபிசிலும் சுவரில் தொங்குகிற சாமான், யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நினைத்தபடியே சாவடியில் கையசைத்து அனுப்பிவிட்டார்கள். பட்டறையில் கடைந்த ஓர் இணைப்பை வைத்து இஞ்சினியர் வீட்டில் பூட்டினேன். வயர் வைத்த வால்வையும் பயத்தில் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ரெகுலேட்டர் வெள்ளை வெளேரென்று உறைந்தது. பிறகு அடைப்பு விட்டுப்போய், காஸ் முழுவதும் தொட்டிக்குள் பாய்ந்தது. மறுநாள் இரண்டு பவளங்கள் வெளுத்துச் செத்துக் கிடந்தன. இஞ்சினியர் இரண்டையும் எடுத்துக் கழுவி ஜன்னலோரம் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய சிலிண்டர் விற்கும் மடவளை ஹனிபா நானாவிடம் போனேன். தீயணைக்கும் சிலிண்டருக்குள் அடிவரை ஒரு குழாய் ஓடுகிறதாம். நிமிர்த்தி வைத்தால் காஸுக்குப் பதிலாகத் திரவம்தான் ஏறி வருமாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே குழாய் ஓடாத சோடாக் கம்பனி சிலிண்டர் ஒன்றைத் துடைத்து என் முன்னால் வைத்தார் நானா.

"செக்பொயின்டுக்குப் புடிச்ச சாமானத்தான் நீங்க வாங்கின மகன், பவளத்துக்குப் புடிச்சத வாங்கல்லயே!"

சாட்சிக்கு ஆள்

இந்த முறை சரியான சிலிண்டர், இரண்டு முள், வயரோடு வால்வு. எதையும் சுற்றி மறைக்கவில்லை. அம்பிட்டிய பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து ஸீட்டுக்காரர் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டார். சாவடியில் வயரைக் கண்டதும் என்னைப் பொலிசுக்கு ஏற்றினார்கள்.

அங்கே சார்ஜன்ட் கேட்டதெல்லாம் ஒன்றுதான். உனக்குத் தெரிந்த சிங்கள ஆள் யாராவது வந்து உன்னை நல்லவன் என்று சொல்லட்டும், போகலாம். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். என் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் சிங்களவர், நல்ல மனிதர், ஒரு டெலிபோன் கோல் எடுத்தால் ஓடி வருவார். ஆனால் வரி கட்டுகிறவன் நான், கடை நடத்துகிறவன் நான். நான் நல்லவன் என்று இன்னொருவர் வந்து சொல்ல வேண்டுமா? கூப்பிடமாட்டேன் என்றேன். பகல் வரை அங்கே போட்டிருந்த மர வாங்கிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒரு வாளி தண்ணீர் கேட்டேன். ரெகுலேட்டரைப் பூட்டி, டியூபைத் தண்ணீருக்குள் விட்டு, வால்வின் பிளக்கைச் சுவரில் செருகப் போனேன். நிமிர்ந்து பார்த்தால் அறையில் ஒருவருமில்லை! சார்ஜன்ட் முதற்கொண்டு அத்தனை பேரும் முற்றத்தில் நின்றார்கள். செருகினேன். குமிழ் ஒன்று வந்தது. பிறகு ஒன்று. மெல்ல வந்து எட்டிப்பார்த்த சார்ஜன்டுக்குக் கோபம் தாங்கவில்லை. சிங்களத்தில் கத்தினார்.

"ரெண்டு குமிழ் காட்டவா காலையிலிருந்து எங்களைப் பிடித்து வைத்திருந்தாய்?"

கூடத்தில்

என்னை விட்டுவிட்டார்கள், அன்று பின்னேரமே இஞ்சினியர் வீட்டில் எல்லாவற்றையும் பூட்டினேன். மிச்சமிருந்த பவளங்கள் மெதுவாக நிறம் பிடித்தன.

அடுத்த மாதம் அந்தத் தெருவில் வீடு வீடாகச் சோதனை என்று கேள்விப்பட்டேன். சிலிண்டரைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைக்கலாம் என்று ஓடிப்போனேன். போய்ப் பார்த்தால் மனிதர் அதைத் தொட்டிக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து, வாசலுக்கு நேரே, கூடத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார். டியூபில் குமிழ் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்பேனரை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒளிச்சு வைச்சாத்தான் தம்பி அது குண்டு. நடுக்கூடத்தில வைச்சா அது என்ர காஸ். வரட்டும், காட்டுவம்."

ஆகவே காஸ் சாமான் வாங்கப் போகும் அன்பர்களே, சிலிண்டர் எத்தனை கிலோ, ரெகுலேட்டருக்கு எத்தனை முள் என்பதை எந்தக் கடைக்காரனும் சொல்லுவான், அதை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார முடியுமா என்பதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.